கழுத்து இருக்கு, வாசம் இல்லை

தஞ்சாவூர் மார்க்கெட்டில் ஐப்பசி பிறந்ததும் பம்ப்ளிமாஸ் வந்து இறங்கும். ஆரஞ்சுக்கும் சாத்துக்குடிக்கும் பெரியப்பா முறை என்றாலும் அந்த மரியாதை அதற்குக் கிடையாது. குண்டான பிள்ளைகளைக் கேலி செய்யப் பயன்படும் அளவுக்கு அது சாப்பிடப் பயன்படுவதில்லை. தள்ளுவண்டி ஓரத்தில் குவித்து வைத்திருப்பார்கள், ஜனங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போவார்கள். நான் மட்டும் நின்றுவிடுவேன். ஒவ்வொன்றாக எடுத்து, காம்புப் பக்கம் கழுத்து நீண்டிருக்கிறதா, அடி தட்டையா உருண்டையா, தோல் வழவழப்பா சொரசொரப்பா என்று பார்ப்பேன். முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். வண்டிக்காரருக்கு என்மேல் தீராத எரிச்சல்.

"வருசா வருசம் தடவிப் பாத்துட்டுப் போறீங்க. ஒரு வருசமாச்சும் வாங்குனாத்தான் என்னங்க?" என்று இந்தமுறை கேட்டேவிட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் லாத்தாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வண்டிக்காரருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. லாத்தா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மகள் கல்யாணமாகி வெளிநாடு போனதும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று கேள்வி. பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். ஒரு மனுஷியை இப்படித் தேடுவேன் என்று அவர் வீட்டு மாடியில் குடியிருந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்போது நாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டில் லாத்தா, மாடியில் நான். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்றால் அக்கா. தெரு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. உண்மைப் பெயர் தெரியும். ஆனால் அது என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை; இங்கே எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போலிருக்கும்.

நான் குடிவந்த அன்று சாமான் இறக்க அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். லாத்தா தலைமுக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் நின்று எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பீரோ இன்னும் மாடிப்படி ஏறவில்லை.

"டீச்சருக்கு நெத்தி அம்மாவோடது. தம்பிக்கு அந்த நெத்தி இல்ல, ஆனா நடை அப்புடியே அம்மாதான். டீச்சருக்கு அந்தக் கோவப்பார்வை மட்டும் யாருட்டேருந்து வந்துச்சுன்னு தெரியல."

எங்கம்மா லேசில் யாரிடமும் சிரித்துப் பேசுகிற ரகம் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்டு எங்களைப் படிக்க வைத்தவள். புது மனிதர்களை ஒரு அடி தள்ளி நிறுத்தித்தான் பேசுவாள். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அது அவ அப்பன் குடுத்துட்டுப் போனதுங்க. வேற என்னத்த குடுத்தாரு?" என்றாள்.

லாத்தாவின் குணமே அதுதான். எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்ப்பார். எது எங்கிருந்து வந்தது, எது வந்து சேரவில்லை என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பொல்லாப்பு கிடையாது, கணக்குத் தீர்க்கிற எண்ணமும் கிடையாது. கண் அப்படிப் பழகிவிட்டது. கல்யாண வீட்டு பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு, "மணம் இருக்கு, பதம் இல்ல" என்பார். ஒரு நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "காது பெரியத்தாவோடது, பேச்சு சாச்சாவோடது. வாப்பாவோடது ஒண்ணையும் காணோமே" என்று, அப்பாவை விட்டுவிட்டுச் சித்தப்பாவைச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண்கள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். லாத்தாவுக்கு அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, நான் முதலில் சிரித்தேன் என்பதற்காக.

மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வரும்போது சாப்பாட்டு நேரத்தில் லாத்தா ஏதாவது கோணங்கித்தனம் செய்து அவளைச் சிரிக்க வைப்பார். அந்தப் பெண் சிரித்தால் இடது கண் பாதி மூடிக்கொள்ளும். லாத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தக் கண்ணைப் பார்ப்பார். அது அவள் வாப்பாவின் கண் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

லாத்தாவின் கணவர் சவுதியில் இருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் வந்து போனதுதான் கடைசி. விசா கொடுத்து அழைத்தவனிடம் சரிப்படாமல் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அன்றோடு காகிதம் இல்லாத ஆளாகிவிட்டார். பிடிபட்டால் சிறை, ஊருக்கு வரவோ வழியே இல்லை. நடுவில் அவருடைய தாயார் இறந்தார். அதற்கும் வர முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் போன் வரும். எடுத்ததும் கேட்பது, "மரம் எப்படி இருக்கு?" அதன் பிறகு மகள். அதன் பிறகு லாத்தா.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்களை மூணாவதாத்தான் விசாரிப்பாரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மரத்தைக் கேட்டா என்னையுஞ் சேத்துத்தான் டீச்சர். தண்ணி ஊத்துறது நான்தானே" என்றார்.

அந்த மரம் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்றது. லாத்தாவின் மாமியாருக்கு வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். கப்பலில் ஊர் திரும்பும்போது தகரடப்பாவில் ஒரு பம்ப்ளிமாஸ் பதியன், கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டிய கன்று, கொண்டுவந்தாராம். மாமியாரும் அந்த மரமும் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்று சொல்வார்கள். நான் மாடியேறிய அன்று சாயங்காலம் லாத்தா ஒரு பழத்தோடு வந்தார். பறித்ததும் அறுக்கக் கூடாது, பீரோமேல் வைத்துத் தோல் சுருங்கும்வரை காத்திருக்க வேண்டும், அப்போதுதான் சாறு கூடும் என்றார். அந்தப் பழம் ஏற்கனவே சுருங்கியிருந்தது.

அதுவரை பம்ப்ளிமாஸ் என்றால் எனக்குத் தெரிந்தது, தோலும் பஞ்சும் போக மிச்சம் ஒரு கைப்பிடி கசப்பு. இது வேறு. பேரிக்காய் போலக் கழுத்து நீண்டு, அடி தட்டையாக உட்கார்ந்தது. தோல் விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். உள்ளே சுளைகள் வெளிர் ரோஜா நிறம். சவ்வைக் கிழித்தால் முத்துக்கள் கையை நனைக்காமல் தனித்தனியாக உதிர்ந்தன. இனிப்பு முன்னால் வந்தது, புளிப்பு கடைசியில் ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாசம். சோப்புப் போட்டுக் கழுவியும் மறுநாள் வகுப்பில் சாக்பீஸ் பிடித்தபோது கையில் அது இருந்தது.

கொட்டைகளை நான் குப்பையில் போடப் போனேன். லாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. அங்கே பழம் தின்ற யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. மாமியார் இருந்த காலம் முழுக்கக் கொட்டைகளைக் காகிதத்தில் மடித்து, விருந்தாளி செருப்பு மாட்டும்போது கையில் திணிப்பாராம். "நட்டு வைங்க, எங்க மரம் உங்க வூட்லயும் நிக்கட்டும்." சில பேர் பதியன் கேட்டிருக்கிறார்கள். கிளையில் கத்தி வைக்க மட்டும் மாமியார் சம்மதிக்கவே இல்லை. தாய்மரத்தைக் காயப்படுத்தி எதற்குக் கொடுக்க வேண்டும், கொட்டைதான் கொட்டிக் கிடக்கிறதே என்பது அவர் நியாயம். தான் வளர்த்த மரமே பதியனாக வந்தது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நாகூரிலிருந்து வேதாரண்யம் வரை அந்த வீட்டுக் கொட்டை முளைக்காத ஊர் இல்லை.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கூரை முட்டிக்கொண்டிருக்கும். மரம் வைக்க ஏது இடம்? முருங்கைக் கொம்பு ஒன்று ஊன்றினாலே அது யார் நிலத்தில் நிற்கிறது என்று பஞ்சாயத்து வரும். இத்தனை துல்லியமாக ஏங்குவதற்கு எனக்கு ஒரு மரமும் இருந்ததில்லை. அதனாலோ என்னவோ லாத்தாவின் மரத்தைக் கொஞ்சம் என்னுடையதாகவும் நினைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் முதல் பழம் சவுதிக்குப் போகும். விடுப்பு முடிந்து திரும்புகிற யாராவது தெருப்பையன் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுபோவான். அவர் அதை அறையில் எல்லோருக்கும் சுளை சுளையாகப் பங்கிட்டுக் கொடுப்பாராம். "வந்ததும் வூட்டுக்குள்ளகூட வரமாட்டேன், நேரா மரத்தடிதான்" என்பார் போனில்.

பிறகு ஒரு கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது.

விடிந்து பார்த்தபோது மரம் வேரோடு பெயர்ந்து மதில்மேல் சாய்ந்து கிடந்தது. மதிலும் இல்லை. வழியை அடைத்திருந்ததால் மத்தியானத்துக்குள் தெரு ஆட்களே ரம்பம் வைத்து அறுத்துப் போட்டார்கள். எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று போயிருந்தது; ஒரு பழமரத்துக்காக யாரிடம் நின்று அழுவது? லாத்தா உதிர்ந்து வெடித்துக் கிடந்த பழங்களை மடியில் பொறுக்கினார். கரண்ட் வந்து, டவர் வந்து, சவுதியிலிருந்து போனும் வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அறுத்த கட்டையின் பச்சை வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு மச்சான். ரெண்டு கிளை ஒடிஞ்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்றார் லாத்தா.

போனை வைத்ததும் நான் அவரையே பார்த்தேன்.

"உம்மா மவுத்தான சேதியும் அவருக்குப் போன்லதான் போச்சு. ஒரு பிடி மண்ணு போட வரமுடியல. அன்னைலேருந்து அவருக்கு உம்மா அந்த மரந்தான் டீச்சர். அதையும் நான் போன்லயே சொல்லணுமா? அவரு வரட்டும். மொகத்தப் பாத்துச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் மரம் நிக்கட்டும்."

எப்படி நிற்கும் என்றேன். லாத்தா அதை யோசித்து வைத்திருந்தார். மாமியார் கொடுத்த கொட்டை ஊரெல்லாம் மரமாக நிற்கிறது, எல்லாம் அதே பழம்தானே, எங்கிருந்து பறித்து அனுப்பினால் அவருக்குத் தெரியவா போகிறது? புயலுக்குத் தப்பிய ஒரு மரம் போதும் என்றார்.

அடுத்த தெருத் தையல்காரர் வீட்டு மரத்தில் ஆரம்பித்தோம். அவர்கள் பழம் உருண்டையாகக் கால்பந்து கணக்காக இருந்தது. அறுத்தால் கத்தி தோலைத் தாண்டவே நேரமாயிற்று. உள்ளே சுளை வெள்ளை வெளேரென்று இருந்தது, பல் கூசுகிற புளிப்பு. அந்த வீட்டுக்காரர்களுக்கும் ஆச்சரியம். இத்தனை வருஷம் தங்களுக்கு வாய்த்த மண் சரியில்லை என்றே நினைத்திருந்தார்களாம். லாத்தா சுளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது நான்தான் விளக்கினேன். எலுமிச்சைக் கொட்டையை நட்டால் பெரும்பாலும் தாயைப் போலவே வரும். பம்ப்ளிமாஸ் அப்படி இல்லை. பூவில் வேறு மரத்து மகரந்தம் வந்து சேர்ந்துவிடும், பிள்ளைக்கு ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. அச்சாக அதே மரம் வேண்டுமென்றால் பதியன்தான் போட்டிருக்க வேண்டும்.

"அப்ப மாமி குடுத்ததெல்லாம் புள்ளைங்க. மரம் இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "தகப்பன் யாருன்னே தெரியாத புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, பழைய நிக்காஹ் வீட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ, தானே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன. என் ஸ்கூட்டியின் பின்னால் லாத்தா. மதிலுக்கு மேலே பம்ப்ளிமாஸ் இலை தெரிந்தால் முதுகில் ஒரு குத்து. அந்த இலையைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். இலைக்கு அடியில் காம்பே இன்னொரு குட்டி இலையாக அகன்றிருக்கும். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க மரத்துப் பழத்தக் கொஞ்சம் பாக்கலாங்களா?" என்பார். விவசாய ஆபீஸ் ஆட்கள் என்று சிலர் பயந்தார்கள். ஒருவர் புயல் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்கிறோம் என்று நினைத்துத் தன் மாட்டுக் கொட்டகையை முழுக்கச் சுற்றிக் காட்டினார். லாத்தாவும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

திருமருகல் பக்கம் ஒரு வீட்டில் கழுத்து அப்படியே இருந்தது, இன்னும் ஒரு விரற்கடை நீளம் என்றுகூடச் சொல்லலாம். தோலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி. சுளை பீட்ரூட் நிறத்தில், கசப்பு. "கழுத்த மட்டும் வாங்கிட்டு வந்துட்டு கொணத்த வுட்டுட்டு வந்துருக்கு" என்றார் லாத்தா. இன்னொரு வீட்டில் பழம் தேங்காய் அளவுதான், முத்து உதிர்ந்தது, ஆனால் சுளைக்குச் சுளை கொட்டை. வாயில் வைத்தால் துப்புவதற்கே நேரம் சரியாக இருந்தது. இனிப்பு இருந்த இடத்தில் நிறம் இல்லை. நிறம் இருந்த இடத்தில் தோல் தடிப்பு. தாயிடம் இருந்தது எதுவும் தொலையவில்லை, எல்லாம் எங்கெங்கோ பிரிந்து கிடந்தது. லாத்தா ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து முகம் மலர்வார். அடுத்த நிமிஷம் இல்லாதது ஞாபகம் வந்து சுருங்குவார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்தும்போது இவ்வளவு வலிக்கும் சங்கதியாக அது இருந்ததில்லை.

இதற்கு நடுவே லாத்தாவின் கணவர் வீடியோவில் வந்து, கொல்லைக்குப் போய் மரத்தைக் காட்டச் சொன்னார். லாத்தா போனைக் கையில் பிடித்தபடி பேசிக்கொண்டே தெருவைத் தாண்டித் தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தவர், அரிவாள்மனையோடு ஓசைப்படாமல் நகர்ந்து வழிவிட்டார்.

"என்ன, காயெல்லாம் உருண்டையாத் தெரியுது?" என்றது போன்.

"கேமராவுல அப்புடித்தான் தெரியும் மச்சான். என் மொகங்கூடத்தான் உருண்டையாத் தெரியுது."

அவர் சிரித்தார். இந்தப் பக்கம் தையல்காரர் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகளிடமும் பழம் கொண்டுபோகிற பையன்களிடமும் வாய் திறக்கக் கூடாது என்று லாத்தா சத்தியம் வாங்கியிருந்தார். அந்த வருஷம் போன பழத்துக்கு, "தோல் என்ன இவ்வளவு தடிப்பு?" என்று கேள்வி வந்தது. மழை ஜாஸ்தி என்றார் லாத்தா. அடுத்த வருஷம் திருமருகல் பழத்தை அனுப்பினார். "கழுத்து சரி, கலர் என்ன ரத்தம் மாதிரி?" உரம் மாற்றினேன் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வைத்த பிறகு ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார். சொல்லிவிடுங்களேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். வெறும் ஆளாக ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கிடக்கிறவருக்கு நினைத்துக்கொள்ள ஒரு மரமாவது இருக்கட்டும் என்றார்.

வேதாரண்யத்தில் அந்தக் கொட்டை மரமாகி நிற்கிற ஒரு வீடு இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. முன்பு மாமியார் வீட்டுக்கு உப்பு கொண்டுவந்து போட்ட குடும்பம். பஸ்ஸில் போனோம். உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஒதுக்கமான வீடு. அவர்கள் மரமும் புயலில் சாய்ந்திருந்தது. ஆனால் வெட்டவில்லை, சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்து, பெயர்ந்த வேருக்கு மண் அணைத்து நிறுத்தியிருந்தார்கள். சாய்ந்தபடியே துளிர்த்துக் காய்த்திருந்தது. லாத்தா கழிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பினாங்கு வூட்டு மருமவளா நீங்க? இது உங்க மரந்தாங்க. நாங்க பினாங்கு மரமுன்னுதான் சொல்றது" என்றார் அந்த வீட்டுப் பெண். கத்தி கொண்டுவரச் சொல்லி, தட்டில் வைத்து, அவரே அறுத்தார்.

கழுத்து இருந்தது. அடி தட்டை. தோல் நகத்தளவு. உள்ளே அதே வெளிர் ரோஜா. லாத்தா ஒரு சுளையைச் சவ்வு நீக்கி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எல்லாம் இருக்கு" என்றார். பிறகு உரித்த கையை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார். என்னிடம் கையை நீட்டினார். எலுமிச்சை இலையைக் கசக்கினால் வருகிற ஒரு பொது வாசனை, அவ்வளவுதான்.

"கழுத்து இருக்கு, வாசம் இல்லை."

அந்தப் பெண்ணின் மனம் நோகக்கூடாதே என்று லாத்தா பழத்தைப் பாராட்டிப் பாராட்டிப் பேசினார். பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசம் ஒன்றுதானே லாத்தா, அவருக்கு இது போதும், கண்டுபிடிக்கவே மாட்டார் என்று நான் தேற்றினேன்.

"அவருக்குப் போதும். எனக்குத்தான்..." என்று நிறுத்தி, மடியிலிருந்த பழப்பையைச் சரிசெய்தபடி சொன்னார். "கல்யாணமான புதுசுல அவருதான் உரிச்சுக் குடுப்பாரு. நான் வாங்கித் திங்க வெக்கப்படுவேன். மறுநாள் பசியார உக்காந்தா, எனக்குத் தட்ட நவுத்தி வைக்கிற கையில அந்த வாசம் இருக்கும். வீடியோவுல மங்கலா ஒரு மொகம் தெரியுது, அவ்வளவுதான். கை எப்புடி இருக்கும்னு தெரியாது. அந்த வாசத்த மட்டும் எங்கயாச்சும் புடிச்சு வச்சுக்கலாம்னு பாத்தேன்."

லாத்தா கணவருக்காகத் தேடுவதாகத்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் வேதாரண்யத்துப் பழம் போயிற்று. கணவர் ஒரு குறையும் சொல்லாமல் தின்றாராம். அடுத்த வருஷமே, காகிதம் இல்லாதவர்களைத் தண்டனையின்றி ஊருக்கு அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. லாத்தா அன்றைக்கு என்னிடம் வந்து, "சொல்றதுக்கு வேள வந்துட்டு டீச்சர்" என்றார். சந்தோஷத்தைவிடப் பயம்தான் முகத்தில் அதிகம். என்னை எதிரே உட்காரவைத்து, என்னைக் கணவராக வைத்துச் சொல்லிப் பார்த்தார். முதல் வார்த்தையிலேயே சிரிப்பு வந்துவிடும், பிறகு அழுகை வந்துவிடும். அதற்குமேல் ஒத்திகை நகரவில்லை.

அவர் வந்த காலை நேரத்தில் நான் மாடிப்படியில் நின்றேன். திருச்சியிலிருந்து வந்த காரிலிருந்து இறங்கியவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்த மனிதர் இல்லை. தாடி நரைத்து, கன்னம் ஒட்டி, முன்பல் இரண்டு போயிருந்தன. ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தார். எது இருக்கிறது, எது இல்லை என்று லாத்தா பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை. வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, கணவர் ஸலாம் சொல்லி முடிக்குமுன்,

"மரம் விழுந்துட்டு மச்சான்" என்றார்.

"எப்ப?"

"அந்தப் புயல்லயே. நான் சொன்னதெல்லாம் பொய்யி."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் நடந்து கொல்லைக்குப் போனார். லாத்தா பின்னாலேயே போனார். எனக்கும் கால் நிற்கவில்லை. மரம் இருந்த இடத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. விடுதிக்குப் போயிருந்த மகள் போன லீவில் விட்டுப்போன துப்பட்டா அதில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"உம்மாவே இல்ல. மரம் மட்டும் எத்தன நாளைக்கு நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார். கோபமில்லை. தண்ணீர் கேட்டார். இத்தனை வருஷம் லாத்தா ஒளித்து ஒளித்துக் காத்தது ஒரு செம்புத் தண்ணீரில் முடிந்துவிட்டது.

பிறகு, "அப்ப நீ அனுப்புன பழம்?" என்றார்.

"வேதாரண்யம். உம்மா குடுத்த கொட்டதான்."

இருந்தால் கொண்டுவரச் சொன்னார். பீரோமேல் சுருங்கிக்கிடந்த ஒன்றை லாத்தா கொண்டுவந்து கொடுத்தார். அவர் கத்தி வாங்காமல் கட்டைவிரலாலேயே கீறி உரித்தார். அந்தத் தோல் விரிந்ததும் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார். கண் கலங்கிவிட்டது.

"இதான்" என்றார். "அதே வாசம். இல்லியா?"

லாத்தா ஒரு கணம் அவரையே பார்த்தார்.

"ஆமா மச்சான்" என்றார்.

தேநீர் போடுகிற சாக்கில் அடுப்படிக்கு வந்தார். நானும் வந்தேன். அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடலாமே லாத்தா. மரத்தையே சொல்லியாச்சு" என்றேன்.

"எதுக்கு? அவரு தேடி வந்தது அவருக்குக் கெடைச்சிட்டு." பால் பொங்கி வந்தது, இறக்கி வைத்தார். "அவருக்கு மறந்துபோச்சு டீச்சர். அது எப்புடி இருந்துச்சுன்னு இனிமே எனக்கு மட்டுந்தான் தெரியும்."

கொல்லையிலிருந்து அவர் கூப்பிட்டார். லாத்தா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேநீரோடு போனார். நான் அடுப்படி ஜன்னல் அருகிலேயே நின்றுவிட்டேன். அவர் ஒரு சுளையைச் சவ்வு நீக்கி, முத்து சிதறாமல் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். லாத்தா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்புடி இருக்கு?" என்றார் அவர்.

"நல்லா இருக்கு மச்சான்" என்றார் லாத்தா. வேறு எதுவும் சொல்லவில்லை.